கறுப்பு இலை, சிவப்புப் பூ: மூன்று விதைப் பாக்கெட்டும் ஒரு துண்டுச் சீட்டும்

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஆன்லைனில் மூன்று விதைப் பாக்கெட் வாங்கினேன். மூன்றுமே இலை கறுத்து, பூ பளிச்சென்று வரும் செடிகள், ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும் ரகம். கல்வாழை 10 விதை 120 ரூபாய், டாலியா 25 விதை 180 ரூபாய், சிவப்பு லொபீலியா ஒரு பாக்கெட் 150 ரூபாய், கூரியருக்கு 60. ஆக மொத்தம் 510 ரூபாய். கடைப் பெயரை எழுதவில்லை. அவர்களோடு என் பஞ்சாயத்து ஒருவழியாக முடிந்துவிட்டது, அதுவும் போக இதே படத்தைப் போட்டு இதே விதையை இன்னும் நாலைந்து பேர் விற்கிறார்கள், யாரிடம் வாங்கினாலும் இந்தக் கதைதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

வீடு கோயம்புத்தூர், வடவள்ளிப் பக்கம். மொட்டை மாடி. காலை ஏழரைக்கு விழும் வெயில் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நகராது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கறுப்பு இலைச் செடியில் பாதி சமாச்சாரம் வெயில்தான், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பாக்கெட்டைப் பிரித்துக் கல்வாழை விதையைத் தட்டில் கொட்டியதும் அம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது கல்வாழை வெதைதான? நம்மூர்ல பாத்ரூம் தண்ணி போற எடத்துல கெடந்துதே, அதுக்குப் போயி நூத்தியிருவது ரூவாயா?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஊர்ப்பக்கம் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போய் விழும் இடத்தில் கல்வாழையும் சேம்பும்தான் நிற்கும். அதன் வேர் அந்தத் தண்ணீரையும் அதிலிருக்கும் சத்தையும் இழுத்துக்கொள்ளும், தேங்கி நாறாது. இன்றைக்குக் கழிவுநீரைச் செடி வைத்துச் சுத்தம் செய்யும் படுகைகளிலும் கல்வாழையைத்தான் நடுகிறார்கள். ஆனால் ஊரில் இருந்தது பச்சை இலை, ஒல்லியான சிவப்புப் பூ, பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் பூ இருப்பதே தெரியும். நான் ஆசைப்பட்டது வேறு. இலை கத்தரிக்காய் நிறத்துக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு கறுப்பு, அதற்கு மேலே நெருப்பு மாதிரி ஒரு பூ. அதே சிவப்புப் பூவைப் பச்சை இலைக்கு மேல் வைத்தால் பாதி பளிச்சுதான் இருக்கும். கறுத்த இலை பூவுக்குப் பின்னால் திரை கட்டிவிட்ட மாதிரி.

அந்தக் கறுப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி, நாவல் பழத்திலும் ஊதாக் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிற அதே வகைதான். பச்சையம் இல்லாமல் போய்விடவில்லை, உள்ளே இருக்கிறது, மேலே இது போர்த்தி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். மூன்று பாக்கெட்டிலும் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மூன்றும் ஒரே சீட்டு. "விதையை 1 அங்குல ஆழத்தில் ஊன்றி, தினமும் தண்ணீர் ஊற்றவும், 7 முதல் 10 நாளில் முளைக்கும்." இதுதான் என் முழுப் புகாரும். விதை மோசமில்லை. ஆனால் கல்வாழை விதை ஒரு மிளகைவிடப் பெரிசு, இரும்புக் குண்டு மாதிரி கடினம். டாலியா விதை மெல்லிசான ஒரு கறுப்புச் சிம்பு. லொபீலியா விதை மூக்குப்பொடி. இந்த மூன்றுக்கும் எப்படி ஐயா ஒரே 1 அங்குலம்?

கல்வாழையில் முதலில் ஏமாந்தேன். சீட்டில் போட்டபடியே நாலு விதையைத் தொட்டியில் ஊன்றி ஆடி முதல் வாரத்திலிருந்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஆடிப்பட்டம் தேடி விதைத்ததுதான் மிச்சம். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே கறுகறுவென்று பளபளத்துக்கொண்டு கிடக்கிறது, ஒரு சுருக்கம்கூட இல்லை. துப்பாக்கி ரவை மாதிரி இருப்பதால் இங்கிலீஷ்காரன் இந்தச் செடிக்கு இந்தியன் ஷாட் என்றே பெயர் வைத்தான் (செடி என்னவோ அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளைச் சேர்ந்தது, கொலம்பஸ் செய்த குழப்பத்தில் இதுவும் ஒன்று). ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் சுரைக்குடுக்கைக்குள் இந்த விதையைப் போட்டு ஹோஷோ என்று ஒரு கிலுகிலுப்பை வாத்தியம் செய்கிறார்கள். அர்ஜென்டினாவில் பழைய கல்லறை ஒன்றில் கொட்டை ஓட்டுக்குள் கிடந்த கல்வாழை விதை, ஏறக்குறைய 550 வருஷப் பழசு, முளைத்தே விட்டது என்று 1968-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது. அப்படிப்பட்ட விதை என் மூன்று வாரத் தண்ணீருக்கு அசையுமா?

செய்ய வேண்டியது என்னவென்றால், தோலைத் தேய்க்க வேண்டும். விதையில் கண் மாதிரி ஒரு சின்னத் தழும்பு தெரியும், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போனால் கறுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விரலில் பிடித்துத் தேய்த்தால் வழுக்கி ஓடுகிறது, நகமும் சேர்ந்து தேய்கிறது, அதனால் கொறடில் பிடித்துக்கொண்டேன். பத்து விதைக்கு ஒரு மணி நேரம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டால் நல்ல விதை உப்பிக்கொண்டு வரும். உப்பாததை எடுத்து மறுபடியும் தேய்க்கலாம். என்னுடைய பத்தில் இரண்டு தண்ணீரில் மிதந்தன, உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. மிச்சம் எட்டில் ஏழு முளைத்தன. முதல் முளை ஒன்பதாம் நாள், கடைசி பதினாறாம் நாள். தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் பாதிப்பாதி கலந்து, விதைக்கு மேலே ஒரு விரற்கடை மண், அவ்வளவே ஆழம். இதில் சீட்டு பெரிசாகத் தப்பில்லை, ஆனால் தேய்க்கச் சொல்லி ஒரு வரி போட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஏழில் நாலு கறுப்பு, ஒன்று அரைகுறை, இரண்டு சுத்தப் பச்சை. இதில் ஒரு நல்ல விஷயம், முளைத்து வரும்போதே நிறம் தெரிந்துவிடுகிறது. கறுப்பாக வரப்போவது சுருள் விரியும்போதே மாநிறமாக, தண்டில் ஊதா ஓடிக்கொண்டு வருகிறது. பச்சையாக வருவது கடைசி வரைக்கும் பச்சைதான். வளர வளரக் கறுக்குமோ என்று இரண்டு பச்சையையும் இரண்டு மாதம் சோறு போட்டு வளர்த்தேன். கறுக்கவில்லை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம், மூன்றாவது இலை வந்ததும் நிறம் பார்த்துப் பிரித்துவிடுங்கள், பெரிய தொட்டியும் உரமும் கறுப்புக்கு மட்டும்.

படத்துக்கும் செடிக்கும் உள்ள தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் மேலே போட்டிருந்த படம், இலையில் ஆரஞ்சும் ரோஸும் கோடுகோடாக ஓடும் ட்ராப்பிகானா வகை. அது தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ரகம், கிழங்கைப் பிரித்து நட்டால்தான் அதே மாதிரி வரும், விதையில் வராது. கறுத்த இலைக்குப் பேர்போன இன்னொரு ரகம் வயோமிங், 1906-ல் அமெரிக்காவில் ஆன்ட்வான் வின்ட்ஸர் உருவாக்கியது, ஆரஞ்சுப் பூ. அதுவும் கிழங்குதான். விதையில் கிடைப்பது கறுத்த இலைக் கூட்டத்தின் பிள்ளைகள், அப்பன் ஜாடையும் இருக்கும் பாட்டி ஜாடையும் இருக்கும். இதைப் பாக்கெட்டில் ஒரு வரி எழுதினால் எனக்குப் புகாரே இல்லை. இதே தளத்தில் நீலக் கல்வாழை, நீல டாலியா விதையெல்லாம் விற்கிறார்கள். இரண்டிலும் நீலப் பூ என்று ஒன்று கிடையவே கிடையாது. கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றிய படம். பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான் கடைக்குப் பச்சைச் செடியின் போட்டோவை அனுப்பிக் கேட்டேன். "இயற்கைப் பொருள் சார், மாறத்தான் செய்யும்" என்று பதில். சரி, படம்? "அது மாதிரிப் படம் சார்." துண்டுச் சீட்டு? அதற்கு நாலு நாள் பதிலே இல்லை, அப்புறம் அடுத்த ஆர்டரில் 50 ரூபாய் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் அனுப்பினார்கள். பஞ்சாயத்து முடிந்தது என்று மேலே சொன்னது இதைத்தான்.

கார்த்திகை முதல் வாரத்தில் முதல் பூ. தேய்த்து ஊன்றியதிலிருந்து கிட்டத்தட்ட மூன்றரை மாதம். மூன்றில் நல்ல சிவப்பு, ஒன்றில் செங்கல் ஆரஞ்சு. நாலடி உயரம் வந்தது. கல்வாழைப் பூவில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, மகரந்தத் தண்டுகள்தான் அகலமாகி இதழ் வேஷம் போட்டிருக்கின்றன. உண்மையான இதழ்கள் கீழே சின்னதாக, யாரும் கவனிக்காமல் இருக்கும். பூத்த மறுநாளிலிருந்து ஒரு ஜோடி தேன்சிட்டு காலை ஏழு மணி டூட்டிக்கு வர ஆரம்பித்தது, இன்றைக்கும் வருகிறது. 510 ரூபாய்க்கு இதைச் சேர்த்துக்கொண்டால் விலை மலிவு.

வெயில் விஷயம். நாலில் ஒரு தொட்டியை இடமில்லாமல் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் தள்ளியிருந்தேன், அங்கே மதியம் வரைக்கும் நிழல். ஒரு மாதத்தில் அதில் வந்த புது இலையெல்லாம் பச்சையும் பழுப்புமாக, உடம்பு சரியில்லாத நிறத்தில் இருந்தது. விதை மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு இழுத்து வெயிலில் வைத்ததும் அடுத்து வந்த இலை கறுப்பு. நிழலில் வந்த பழைய இலை மட்டும் அப்படியே இருந்தது. அதனால் "கறுப்பு என்று வாங்கினேன், பச்சையாக வருகிறது" என்று ஒரு ஸ்டார் போடுவதற்கு முன்னால் செடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பால்கனியில் இரண்டு மணி நேர வெயில்தான் என்றால் இந்தப் பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.

தொல்லை என்று பார்த்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும் புழு ஒன்று, சுருளைப் பிரித்துக் கையால் எடுத்துப் போட்டாலே போதும். வேறு ஒன்றும் இல்லை. இதில் விதைக்கு ஒரு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டும். நர்சரியில் 80 ரூபாய்க்குப் பூவோடு விற்கிற கல்வாழைகளில் இலை நரம்பை ஒட்டி மஞ்சள் கோடும் புள்ளியுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது உரக்குறை இல்லை, பெரும்பாலும் வைரஸ். மருந்து கிடையாது. கிழங்கைப் பிரித்து நடும்போது அதுவும் கூடவே வந்துவிடும். விதையில் வந்த செடியில் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் இருப்பதில்லை, என் நாலும் இன்றுவரை சுத்தம். கணக்குப் போட்டால் கறுப்புச் செடி ஒன்று 30 ரூபாய், மூன்றரை மாதக் காத்திருப்பு, தேய்ந்த நகம்.

அடுத்தது டாலியா, இந்த மூன்றில் எனக்குப் பிடித்த பாக்கெட் இதுதான். வகையின் பெயர் பிஷப்ஸ் சில்ட்ரன், பிஷப்பின் பிள்ளைகள். பெயர் விவகாரமாக இருக்கிறதே என்று தேடினேன். வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்து நர்சரிக்காரர் ஃப்ரெட் ட்ரெஸெடர் 1924 வாக்கில் கறுத்த இலையும் ரத்தச் சிவப்புப் பூவுமாக ஒரு டாலியாவைக் கொண்டுவந்தார். அதற்கு அந்த ஊர் பிஷப்பை வைத்து பிஷப் ஆஃப் லண்டாஃப் என்று பெயர். அந்த டாலியாவின் வழியில் வந்த விதைக்கலவைதான் இந்தப் பிள்ளைகள். அசல் பிஷப் வேண்டுமென்றால் கிழங்குதான் வாங்க வேண்டும், அது இங்கே வந்து சேர்வதற்குள் அழுகிவிடுகிறது, ஒரு தடவை வாங்கிப் பட்டிருக்கிறேன். விதை அப்படி இல்லை.

டாலியாவை ஆடியில் போடக் கூடாது, எங்கள் ஊர் சூட்டுக்கும் அடுத்து வரும் மழைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து புரட்டாசி ஆரம்பத்தில்தான் போட்டேன். குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒரு விதை, மேலே பேருக்குக் கால் அங்குலம் மண், அவ்வளவே. 25-ல் 17 முளைத்தன, ஐந்தாம் நாளிலிருந்தே வர ஆரம்பித்துவிட்டது. 17-ல் 11 கறுப்பு. இதிலும் அதே கதை, நிஜ இலை இரண்டு வந்ததுமே நிறம் தெரிந்துவிடும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன், கிள்ளாமல் விட்ட ஒன்று ஒற்றைக் குச்சியாக மேலே போய் ஐப்பசிக் காற்றில் ஒடிந்தது. ஐப்பசி மழையில் இன்னொன்று வேர் அழுகிப் போனது. மிச்சம் ஒன்பது.

மார்கழியில் பூத்தது பாருங்கள், ஒன்பதும் ஒன்பது விதம். ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், ஓரம் மட்டும் சிவந்த மஞ்சள், ஒரு மெஜந்தா. பூ ஒற்றையடுக்கு அல்லது இரண்டடுக்கு, ஊட்டி மலர்க் கண்காட்சியில் தட்டு சைஸுக்கு வைப்பார்களே அந்த டாலியாவை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது, நடுவில் மகரந்தம் திறந்து கிடப்பதால் தேனீ மொய்க்கிறது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு நிறமாகப் போவதற்குக் காரணம், நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு செட் என்றால் டாலியாவுக்கு எட்டு செட். சீட்டுக்கட்டை எட்டு மடங்காக்கிக் குலுக்கிப் போட்ட மாதிரி. பாக்கெட்டில் "சிவப்பு" என்று மட்டும் அச்சடித்து விற்கிறவர்கள் இதை எந்தத் தைரியத்தில் அச்சடிக்கிறார்களோ தெரியவில்லை, நான் வாங்கியதில் நல்லவேளை "கலவை" என்று போட்டிருந்தது.

பங்குனியில் இலை காய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்தி, தோண்டிப் பார்த்தேன். விதையில் வந்த செடி முதல் வருஷத்திலேயே விரல் விரலாகக் கிழங்கு வைத்திருந்தது. காய்ந்த மணலில் போட்டு மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்தேன். ஒன்பதில் ஆறு பிழைத்திருக்கின்றன, இப்போது ஆவணியில் கழுத்துப் பக்கம் கண் விட ஆரம்பித்திருக்கிறது. ஒரு விஷயம், வெறும் விரலை மட்டும் ஒடித்து நட்டால் முளைக்காது, தண்டு சேரும் கழுத்தில்தான் கண் இருக்கும், அதோடு சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். உருளைக்கிழங்கு ஞாபகத்தில் நான் ஒரு கிழங்கை வீணாக்கினேன்.

லொபீலியா. 150 ரூபாய் மண். வகை குயின் விக்டோரியா, படத்தில் ஒயின் நிற இலையும் கார்டினல்மார் போடும் அங்கி மாதிரி சிவப்புப் பூவும் அப்படி ஒரு அழகு. பாக்கெட்டைத் திறந்து நான் விட்ட மூச்சிலேயே கொஞ்சம் பறந்துவிட்டது, அவ்வளவு பொடி. இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு, மண்ணுக்கு மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும், தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து ஏற விட வேண்டும். துண்டுச் சீட்டை நம்பி 1 அங்குலத்தில் புதைத்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? கல்வாழையில் பட்டுவிட்டதால் நான் இதில் சீட்டைக் கேட்கவில்லை. பச்சைப் பாசி மாதிரி நூற்றுக்கணக்கில் முளைத்தது, மூன்றே நாளில் நாற்றழுகல் வந்து முக்கால்வாசி படுத்துவிட்டது. தப்பிய ஐந்தும் தையில் அரையடி வளர்ந்து, இலை கறுத்து, எனக்கு ஆசை காட்டிவிட்டு, சித்திரை வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு பூகூடப் பார்க்கவில்லை. சொந்த ஊர் வட அமெரிக்காவின் ஆற்றோரம், எப்போதும் ஈரத்தில் கால் வைத்து நிற்கிற செடி. கோயம்புத்தூர் மொட்டை மாடிக்கு இதை வாங்கியது என் தப்பு, ஆனால் "இந்தியா முழுவதும் வளரும்" என்று போட்டது அவர்கள் தப்பு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

ஸ்டார் கேட்டால் டாலியாவுக்கு நாலரை, கல்வாழைக்கு மூன்றரை, லொபீலியாவுக்கு ஒன்று, துண்டுச் சீட்டுக்குப் பூஜ்யம். 50 ரூபாய் கூப்பன் சும்மா கிடந்தது, அதில் டாலியாவே இன்னொரு பாக்கெட் போட்டிருக்கிறேன், கல்வாழை இனி வாங்கத் தேவையில்லை, கறுப்புச் செடியில் முள்ளு முள்ளாகக் காய் பிடித்து உடைத்து எடுத்த விதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால்வாசி இருக்கிறது. பச்சை இரண்டையும் தூக்கிப் போட மனசில்லாமல் அம்மா தை நோம்பிக்கு ஊருக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில் வைத்துவிட்டார். போன வாரம் போட்டோ வந்தது. என்னுடையதைவிட இரண்டடி உயரம்.